காலி அறைக்கு உடைத்த பூசணி

பரமசிவம் ஐயா தன் கையால் எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தபோதே சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு வருடமாக அவரிடம் வேலை செய்கிறேன். ஒருநாளும் 'சாப்ட்டியா' என்று கேட்டதில்லை.

"உக்காரு குழலி. நின்னுக்கினே இருக்கிற."

உட்கார்ந்தேன்.

நான் வேலை செய்வது கோல்ஃப் மைதான உரிமையாளர்கள் சங்கத்தில். சுற்றுவட்டாரத்து மைதானக்காரர்கள் சேர்ந்து வைத்தது. பரமசிவம் ஐயாதான் தலைவர், வாலாஜாபாத் பக்கம் அவருக்கு மைதானம் இருக்கிறது. அலுவலகம் காந்தி ரோட்டில், அவருடைய பட்டுக் கடைக்கு மாடியில். முகூர்த்தப் புடவை கேட்டு மேலே ஏறி வந்துவிடுகிறவர்களைக் கீழே அனுப்புவதும் என் வேலைதான். மற்றபடி மின்கட்டண மனு, போட்டித் தேதி, புல் விதை கொள்முதல் எல்லாம் நான் பார்ப்பேன். தலைவர் போட்டோவுக்கு நிற்பார்.

எல்லாவற்றையும் விடப் பெரிய வேலை தண்ணீர் லாரி. போன கோடையில் தாமல் பக்கத்து விவசாயிகள் ரோட்டை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். மைதானக்காரர்கள் நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் கிணறெல்லாம் வற்றுகிறது என்றார்கள். சங்கம் அவர்களுக்கு வாக்குக் கொடுத்தது. இனி எந்த மைதானத்திலும் போர்வெல் கிடையாது. சுத்திகரித்த கழிவுநீர் மட்டும்தான், அதைச் சங்கமே லாரியில் அனுப்பும். மீறுகிறவரைச் சங்கத்திலிருந்து நீக்கிவிடுவோம். நீக்கினால் லாரி வராது. லாரி வராவிட்டால் ஒரே கோடையில் புல் கருகும், மைதானத்தை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.

"மறுபடி கிணறு எறங்குதாம். ரோட்டுக்கு வருவோம்ன்றாங்க. நம்மள்ல எவனோ திருடறான்" என்றார் தலைவர்.

"யாருங்க?"

"வேற யாரு? முருகேசன்தான். தாமல் ஏரிக்கு ஓரமா இடத்த வச்சிக்கினு சும்மா இருப்பானா? நீ போய்ப் பாத்துட்டு வந்து அறிக்கை எழுதிடு. படிச்ச பொண்ணு நீ, உன் கையெழுத்து இருந்தா யாரும் பேச மாட்டாங்க. நாளைக்குக் கமிட்டியில நீக்கிடலாம்."

"மத்தவங்க மைதானம்?"

"அதெல்லாம் நான் பாத்துட்டேன்மா."

போய்ப் பார்ப்பதற்கு முன்பே என்ன எழுத வேண்டும் என்று முடிவாகியிருந்தது. காபி நன்றாகத்தான் இருந்தது. பாதி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

வண்டி எடுக்கப் பிள்ளையார்பாளையத்து வீட்டுக்குப் போனேன். அப்பா தறியில் இருந்தார். பரமசிவம் ஐயா கடைக்குத்தான் அவர் நெய்கிறார், பாவும் பட்டும் அங்கிருந்துதான் வரும். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"கையெழுத்து போட்டுட்டுப் போயேன்மா. பந்து ஆடறவங்க சண்டை. நமக்கின்னா அதுல?"

"பொய்யா இருந்தா?"

"அப்பவும் அவங்க சண்டைதான்."

எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. அதை வைத்து யாரோ ஒரு குடும்பத்தின் பிழைப்பைப் பிடுங்கப் பார்க்கிறார்கள், அப்பாவுக்கு அது ஊசிமுனை அளவும் உறைக்கவில்லை. வண்டியை உதைத்துக் கிளப்பினேன்.

முருகேசனையும் நான் நம்பிவிடவில்லை. நெல் விளைந்த நிலத்தில் கடன் வாங்கிப் புல் போட்டவர். சங்கத்தில் புதியவர், சின்னவர். நான் போனதும் இளநீர் வெட்டப் போனார்.

"வேணாங்க. மைதானத்தைக் காட்டுங்க."

"வெயிலு ஏறிக்கினு வருது. ஒண்ணு குடிச்சிட்டு..."

"காட்டுங்க."

குழி இருக்கிற இடங்களைச் சுற்றி மட்டும் பச்சை, மற்றதெல்லாம் வைக்கோல் நிறம். தொட்டியில் லாரித் தண்ணீரின் அழுகல் வாடை. சரிதான் என்று திரும்பும்போது மூங்கில் புதருக்குப் பின்னால் பூட்டின கொட்டகை ஒன்று தெரிந்தது. எனக்கும் அதற்கும் நடுவில் வந்து நின்றார் முருகேசன்.

"அது சும்மாம்மா. பழைய சாமான்."

"தொறங்க."

"சாவி... பையன் எடுத்துக்கினு போய்ட்டான்."

அவ்வளவுதான், மாட்டினார் என்று நினைத்தேன். தலைவர் சொன்னது நிஜம்தான் போலிருக்கிறது. அப்போது கொட்டகைக்குள்ளிருந்து நீளமாக 'அம்மா' என்று ஒரு குரல்.

முருகேசனின் மனைவி பொன்னியம்மாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டே வந்தார். "தொறந்து காட்டித் தொலையேன்யா. அதுங்க உள்ள வெந்து போவுது."

உள்ளே நாலைந்து மாடுகள். மைதானத்தில் கால்நடை இருக்கக்கூடாது என்பது சங்கத்து விதி. ஆட்டக்காரர்கள் வராத நாளில் மாட்டை மேயவிட்டுத்தான் புல்லை மட்டம் செய்கிறாராம்.

"மெஷினு டீசல் கேக்குது, இதுங்க கேக்கல" என்றார் முருகேசன் தரையைப் பார்த்துக்கொண்டு. "எழுதிடாதமா."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். வைக்கோலைக் காலால் ஒதுக்கித் தரையைப் பார்த்தேன். கொட்டகையையும் ஒரு சுற்றுச் சுற்றினேன். எங்கும் குழாய் இல்லை.

அப்படியானால் தண்ணீர் எங்கே போகிறது? 'நான் பாத்துட்டேன்' என்றாரே தலைவர், அதை நானும் பார்த்தால் என்ன? நேராக வாலாஜாபாத்துக்கு விட்டேன்.

தலைவரின் மைதானம் கண்ணைக் குத்துகிற பச்சை. அவருக்குப் போகும் லாரிக் கணக்கு எனக்குத் தெரியும். அந்தத் தண்ணீருக்கு இவ்வளவு பச்சை வராது. ஆனால் பச்சையாக இருப்பது குற்றம் என்று யாரும் எழுத முடியாது. உள்ளே நடந்தேன். முந்தைய நாள்தான் ஆயுத பூஜை. புல் வெட்டும் வண்டிகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. கேட்டில் பூசணிக்காய் உடைத்திருந்தார்கள்.

கடைசிக் குழிக்கு அப்பால், மரங்களுக்குள்ளே, பச்சை பெயிண்ட் அடித்த தகர அறை. போன மாதம் நானே அது என்னவென்று கேட்டிருக்கிறேன். கிழிந்த வலை போட்டு வைக்கிற இடம், யாரும் திறப்பதே இல்லை என்றார் தலைவர். இன்று அதன் பூட்டில் சந்தனப் பொட்டு. கதவில் மாவிலை. வாசலில் ஒரு பெரிய திருஷ்டிப் பூசணி சிதறிக் கிடந்தது, குங்குமம் இன்னும் ஈரமாக.

கிழிந்த வலைக்கு யார் பூசணிக்காய் உடைப்பார்கள்?

புல்லில் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்த இளவரசி அக்காவைக் கேட்டேன். "இத யாருக்கா ஒடச்சாங்க?"

"ஓனருதான். நாங்க ஒடைக்கிறோம்னா உடல. மூணு சுத்து சுத்தி அவரே ஒடச்சாரு. பக்தி ஜாஸ்தி."

தகரத்தில் காதை வைத்தேன். உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஊர் கண்ணிலிருந்து மறைத்துவிட்டார். சாமி கண்ணிலிருந்து மறைக்க மனம் வரவில்லை. ஓடுகிற ஒரு மோட்டாரைப் பூஜை போடாமல் விட அவரால் முடியாது. எங்கள் ஊரில் யாராலும் முடியாது.

மறுநாள் கமிட்டி. மேஜை மேல் பூஜையில் மிஞ்சின பொரியும் கடலையும் தட்டுத் தட்டாக இருந்தன. உரிமையாளர்கள் கொறித்துக்கொண்டிருந்தார்கள். முருகேசன் ஒரு மூலையில், நாற்காலி நுனியில்.

"அறிக்கையப் படிம்மா" என்றார் தலைவர்.

"முருகேசன் மைதானத்துல போர்வெல் இல்ல. கொட்டகை வரைக்கும் பாத்தேன்."

தலைவரின் முகம் இறுகியது. "நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். மத்தவங்கள ஒண்ணு கேக்கணும். முந்தாநாள் ஆயுத பூஜைக்கு அவங்கவங்க மைதானத்துல எங்கெங்க பூசணிக்காய் ஒடச்சீங்க?"

யாரோ சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றது.

"இதின்னா கேள்வி?" என்றார் தலைவர்.

"சாதாரணக் கேள்விதாங்க. உங்க தகர ரூம் வாசல்ல ஒண்ணு கெடக்குது. அந்த வலைக்கு அவ்ளோ திருஷ்டியா?"

மற்றவர்கள் யாராவது கொதித்து எழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் எழவில்லை. உத்திரமேரூர் பக்கத்துப் புவனேஸ்வரி அம்மா பொரியில் கடலையைத் தேடத் தொடங்கினார். பக்கத்திலிருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒன்றும் நிமிரவில்லை. தலைவர் ஒருத்தர்தான் திருடர் என்று நினைத்து வந்த நான்தான் ஏமாளி.

"நான் வாசல்ல ஒண்ணு, டிராக்டருக்கு ஒண்ணு" என்றார் முருகேசன் மூலையிலிருந்து. கொஞ்சம் நிறுத்தி, "மாட்டுக் கொட்டாயில ஒண்ணு. மாடு வச்சிருக்கறன். இன்னா செய்யணுமோ செய்ங்க."

தலைவர் என் பக்கம் குனிந்தார். குரலைத் தாழ்த்தினார். "உங்கப்பனுக்குப் பாவு யாரு குடுக்கறான்னு நெனச்சிப் பாத்தியா?"

"நேத்தே நெனச்சிப் பாத்துட்டேங்க."

முருகேசனை நீக்க எழுதி வைத்திருந்த தீர்மானத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினேன்: எல்லா மைதானங்களையும் தாமல் விவசாயிகளை உடன் வைத்துக்கொண்டு சோதிக்க வேண்டும். உறுப்பினர் ஒருவர் முன்மொழிந்தால் போதும், அது கூட்டத்தின் முன் வந்துவிடும். அதற்கப்புறம் கை தூக்காதவர் யாரென்று ஊர் பார்த்துக்கொள்ளும். தாளை மேஜை நடுவில் வைத்துப் பேனாவை மேலே வைத்தேன்.



முருகேசன் எழுந்து வந்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார்.

"எங்கமா போடணும்?"

காட்டினேன். எழுத்துக் கூட்டி மெதுவாகப் போட்டார். அந்த மாட்டுக் கொட்டகையில் இன்னொரு மூலையையும் பார்த்திருக்க வேண்டுமோ என்று அப்போதும் எனக்கு ஒரு நொடி தோன்றியது. விவசாயிகள் வரும்போது அவர்களோடு சேர்ந்து அதையும் பார்ப்பேன். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பட்டுக் கடை வழியாக இறங்கி ரோட்டுக்கு வந்தேன்.