வலது பக்கத்து நல்லுள்ளங்கள்

மெரினுடைய நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து நூற்றுப்பத்துப் பேர் வந்தார்கள். பெண் வீட்டில் ஏழு பேர். அதில் மெரின், அப்பா அருள்பிரகாஷ், அம்மா ஸ்டெல்லாமேரி மூவரையும் கழித்தால் நான்கு. ஸ்டெல்லாமேரியின் தங்கையும் தங்கை கணவரும் போக மிச்சம் இருந்தவர்கள், போட்டோ எடுக்க வந்தவரும், சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி நிறுத்திவைத்திருந்த ஆட்டோக்காரரும்.

சம்பந்தி பிரான்சுவா பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர். ஆண்பிள்ளை யாரைப் பார்த்தாலும் "முசே" என்றுதான் கூப்பிடுவார். வாசலை இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்.

"உங்க ஜனங்க பின்னாடி வண்டியில வர்றாங்களா, முசே?"

"வந்தாச்சுங்க" என்றார் அருள்பிரகாஷ்.

பிரான்சுவா ஆட்டோக்காரரைப் பார்த்தார். ஆட்டோக்காரர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

அருள்பிரகாஷ் கெட்டவர் இல்லை, சண்டைக்காரரும் இல்லை. மனிதர்களை ஒரு செலவாகப் பார்த்தார், அவ்வளவுதான். ஒருவன் கல்யாணத்துக்குப் போனால் அவன் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குப் போக வேண்டும். அப்புறம் புதுநன்மை, வீடு மந்திரிப்பு, மாமனார் சாவு, வருஷப் பூசை. ஒரு காபியில் ஆரம்பிப்பது முப்பது வருஷத்துக்கு இழுக்கும். அதனால் காபியையே வேண்டாம் என்றுவிடுவார். பத்திரிகை கொண்டுவருகிறவர்களிடம் "அன்னைக்கு ஆபீஸ்ல ஆடிட் இருக்கு" என்பார். அரசாங்க ஆபீஸில் சூப்பரின்டென்டென்ட் சொன்னால் நம்பாமல் எப்படி? லாஸ்பேட்டையில் அவர் தெருவில் அவருக்கு ஆடிட் என்றே பெயர்.

இப்படி மிச்சம் பிடித்ததில் மாடி வீடு கட்டினார். எதிர்வீட்டுக்காரர் தன் வீட்டு மாடிக்குத் தண்ணீர்த் தொட்டி ஏற்ற நாலு சிநேகிதர்களைக் கூப்பிட்டு, டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து வேலையை முடித்துக்கொண்டார். அதே தொட்டிக்கு அருள்பிரகாஷ் கிரேன் வரவழைத்தார். கிரேனுக்கு டீ கொடுக்க வேண்டியதில்லை என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது பிரான்சுவா போன் செய்தார்.

"பேனர் ஒண்ணா அடிச்சிடலாம், முசே. நடுவுல பொண்ணு மாப்ள. இடது பக்கம் எங்க ஆளுங்க, அம்பத்திரண்டு போட்டோ. வலது பக்கம் உங்க ஆளுங்க. அதே அளவு வந்தாதான் பாக்க நல்லா இருக்கும்."

"அம்பத்திரண்டா?"

"அடிச்சிப்புடிச்சிக் கொறைச்சேன். மொதல்ல எண்பது இருந்திச்சி."

மறுநாள் அருள்பிரகாஷ் ஆபீஸில் போட்டோ கேட்கப் போனார். முப்பது வருஷமாக எதையும் கேட்காத மனிதர் திடீரென்று போட்டோ கேட்டதும் ஹெட் கிளார்க்கின் முகம் வெளிறியது. "எதாவது என்கொயரியா சார்?" என்றார். கல்யாண பேனருக்கு என்றதும் இன்னும் பயந்துபோய், வீட்டில் தேடிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு மூன்று நாள் லீவு போட்டுவிட்டார். பியூன் அம்மாவாசை மட்டும் சட்டைப் பையிலிருந்து ஒரு பாஸ்போர்ட் சைஸ் படத்தை எடுத்து நீட்டினான். ஸ்டெல்லாமேரியின் தங்கை கணவருடையதைச் சேர்த்தால் இரண்டு.

பேனர் கடை வெற்றிவேல் அந்த இரண்டு படங்களையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மீதி அம்பது நானே போட்டுடறேன் சார்."

"யாரப் போடுவீங்க?"

"பத்து வருஷத்து மூஞ்சி கம்ப்யூட்டர்ல கெடக்குது. காதுகுத்து, கட்சி, கிரிக்கெட்டு மேட்ச்சு, எல்லாத்துக்கும் அடிச்சது."

"அவங்களே பாத்துட்டா?"

"பேனர்ல தன் மூஞ்சியப் பாத்துக் கோவிச்சிக்கினவன நான் இன்னும் பாக்கல சார்."

அருள்பிரகாஷ் தயங்கினார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கண்ணாடி போட்டவங்க கொஞ்சம் பேரு இருக்கட்டும்" என்றார்.

மண்டபத்துக்குப் போகிற தெருமுனையில் பேனர் ஏறியது. 'வாழ்த்தும் நல்லுள்ளங்கள்' என்று தங்க எழுத்து. வலது பக்கத்தில் ஐம்பத்திரண்டு பேர் அருள்பிரகாஷின் மகளைச் சிரித்தபடி வாழ்த்தினார்கள். பதினான்கு பேர் கண்ணாடி போட்டிருந்தார்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம், ஸ்கூட்டரில் ஒருவர் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். மூன்றாவது வரிசையில் ஐந்தாவது முகம். சிமென்ட் கடை வைத்திருக்கும் கிருஷ்ணசாமி.

"மண்டபத்துல விசாரிச்சிக்கினு வந்தேன் சார். பத்திரிகை வரல. பரவால்ல, எங்கனா மாட்டியிருக்கும். ஆனா நம்ம எங்க பழகுனோம்னு வீட்ல கேட்டா பாருங்க, எனக்குச் சட்டுனு வாய்ல வரல."

அருள்பிரகாஷ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். உள்ளேயிருந்து ஸ்டெல்லாமேரி காபியோடு வந்தாள். ஷோகேஸில் பதினோரு வருஷமாக இருந்த கப்பு.

"உங்களப் பத்தித்தான் பேசிக்கினே இருப்பாருங்க" என்றாள்.

கல்யாணமான முப்பது வருஷத்தில் அவள் ஒரு பொய் சொல்லி அவர் கேட்டதில்லை. அவ்வளவு சரளமாக வரும் என்றும் தெரியாது. கிருஷ்ணசாமி நெகிழ்ந்துபோனார். போகிற போக்கில், மண்டபத்து ஜெனரேட்டருக்கு என்ன வாடகை கேட்டார்கள் என்று விசாரித்து, அங்கேயே நின்று ஒரு போன் போட்டார். வாடகை பாதியானது.

அந்த வாரம் முழுக்க ஆள் வந்தது. ஒவ்வொருவரும் பழக்கத்தைத் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் ஒரே ரயிலில் வேளாங்கண்ணி போனதாகச் சொன்னார். இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச் என்று சாதித்தார். அவருக்கு வயது நாற்பது. அருள்பிரகாஷ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஸ்டெல்லாமேரி இரண்டாவது தடவையாகப் பால் வாங்க அனுப்பினாள்.

பிரான்சுவா போனில் கத்தினார். "கிருஷ்ணசாமி உங்க ஆளா, முசே? ஒரு வார்த்த சொல்லல பாத்தீங்களா! அவரப் புடிக்க நான் ஆறு மாசமா அலையறேன்."

சனிக்கிழமை மத்தியானம் கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நின்றாள். ஐம்பது வயதிருக்கும். நெற்றி வெறுமையாக இருந்தது. உள்ளே கூப்பிட்டும் வராமல் நின்றபடியே பேசினாள்.

"பிள்ளைச்சாவடி குப்பங்க. எம் பேரு தாமரைச்செல்வி. பேனர்ல கடைசி வரிசையில நீலச் சட்டை போட்டிருக்கறது என் வீட்டுக்காரரு. சாமிக்கண்ணு."

"வரச் சொல்லுங்களேம்மா, அவரையும்" என்றார் அருள்பிரகாஷ். அந்த வாரத்தில் வாய் பழகிப்போயிருந்தது.

"அவரு போயி ரெண்டு வருஷம் ஆவுதுங்க."

வெற்றிவேல் அந்தப் படத்தைக் கண்ணீர் அஞ்சலி பேனரிலிருந்து எடுத்திருந்தார்.

"எங்க வீட்ல தின்னவன், எங்க போட்ல வந்தவன், ஒருத்தன் இப்ப இந்தப் பக்கம் திரும்பறதில்ல. யாரோ லாஸ்பேட்டையில இருக்கறவரு, பொண்ணு கல்யாணத்துல அவர நெனச்சிப் போட்டிருக்காரேன்னு பஸ்ஸேறி வந்தேன். அவரப் பத்தி ஒரு வார்த்த சொல்லுங்க. எங்க பாத்தீங்க, இன்னா பேசுனாரு, எதுனா."

ரயில், பெஞ்ச், கோயில் திருவிழா எல்லாம் அருள்பிரகாஷின் நாக்கு நுனிவரை வந்தன. ஆனால் அந்தப் பெண் முகத்தைத் தூக்கிக் காத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அவரத் தெரியாதும்மா" என்றார். "பேனர்ல இருக்கற யாரையும் தெரியாது. எங்க பக்கம் ஆள் இல்ல. கடக்காரருகிட்ட இருந்த படத்தப் போட்டோம். தப்புதான். இன்னைக்கே எடுக்கச் சொல்றேன்."

தாமரைச்செல்வி அவரையும், மாடியையும், மாடிமேல் இருந்த தொட்டியையும் பார்த்தாள்.

"யாரையுமேவா?"

"யாரையும்."

திட்டுவாள் என்று நினைத்தார். அவள் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்து படியில் உட்கார்ந்தாள். ஒரு மூச்சு அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாவம்யா நீ" என்றாள். இரண்டு வருஷத்துக்கு முன் புருஷனைப் பறிகொடுத்தவள் தன்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டது அவருக்கு எங்கேயோ போய்த் தைத்தது.

"எடுக்காத. கல்யாணம் முடியற வரைக்கும் அவரு அங்கியே நிக்கட்டும். நல்ல சட்டதான் போட்டிருக்காரு." முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "விருந்துக்கு மீனு யாருகிட்ட சொல்லியிருக்க?" என்று கேட்டாள்.

சமையல்காரர் சொன்ன விலையைச் சொன்னார். சற்று முன் அழுதவள் வாய்விட்டுச் சிரித்தாள். அன்றைக்கே மீன் அவள் பொறுப்புக்குப் போய்விட்டது.

கல்யாணத்தன்று பெண் வீட்டுக்கு எண்பது சாப்பாடு சொல்லியிருந்தார் அருள்பிரகாஷ். அதுவே ஜாஸ்தி என்பது அவர் கணக்கு. கோயிலில் பூசை முடிந்து மண்டபத்துக்கு வந்தால் வலது பக்கத்து நல்லுள்ளங்கள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தன. முந்நூறுக்குக் குறையாது. பேனர் முகங்கள் ஒன்றையொன்று அடையாளம் கண்டு கைகுலுக்கிக்கொண்டன.

"நீங்க எப்படிப் பழக்கம் சாருக்கு?"

"ரொம்ப வருஷம். நீங்க?"

"நானும் ரொம்ப வருஷம்தான்."

முதல் பந்தியிலேயே பிரியாணி முடிந்தது. சமையல்காரர் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார். அருள்பிரகாஷ் காலி அண்டாவை எட்டிப் பார்த்தார். அதற்குள் கிருஷ்ணசாமி காதில் போனை வைத்துக்கொண்டு வெளியே போனார். தெரிந்த சமையல்காரர் ஒருவரிடமிருந்து ஐந்து அண்டா பிரியாணி ஒரு வேனில் வந்திறங்கியது. வேன் இரண்டாவது வரிசை முகத்துடையது. மண்டபத்துப் பின்பக்கம் தாமரைச்செல்வி பிள்ளைச்சாவடிப் பெண்கள் நாலு பேரோடு எண்ணெய்ச் சட்டி வைத்து வஞ்சிரம் பொரித்தாள். அண்டா வாடகைக்குக் கையெழுத்துப் போடச் சொன்னதும் அருள்பிரகாஷ் தொகையைப் பார்க்காமல் போட்டார்.

வந்தவர்கள் எல்லாரும் அவரைக் கட்டிப்பிடித்தார்கள். தன் கல்யாணத்துக்குப் பிறகு அவரை யாரும் கட்டிப்பிடித்ததில்லை. தோள் வலித்தது. அந்த வலி நன்றாகத்தான் இருந்தது.

"இவ்ளோ ஜனத்த எங்க ஒளிச்சி வெச்சிருந்தீங்க, முசே?" என்றார் பிரான்சுவா. அவர் பக்கத்து ஆட்களுக்கு உட்கார இடமில்லை.

அதற்குப் பிறகு பத்திரிகைகள் வந்தன. நான்கு மாதத்தில் பதினெட்டு விசேஷம், மூன்று சாவு. ஸ்டெல்லாமேரி புதிதாக ஆறு புடவை எடுத்தாள். அருள்பிரகாஷ் ஒவ்வொரு தடவையும் முனகிக்கொண்டே கிளம்புவார். முதல் ஆளாகச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பவரும் அவர்தான். ரத்த அழுத்தம் குறைந்திருப்பதாக டாக்டர் சொன்னார். சேமிப்பும்தான் குறைந்திருந்தது.

ஒருநாள் கிருஷ்ணசாமி ஆபீஸுக்கே வந்தார்.

"ஒரு பர்மிஷன் ஃபைல் உங்க டேபிள்ல இருக்குது சார். கொஞ்சம் முன்னாடி எடுத்து உட்டீங்கன்னா…"

அருள்பிரகாஷ் மேஜையில் ஃபைல்கள் எப்போதும் தேதி வரிசைப்படிதான் நகரும். முப்பது வருஷமாக அதில் ஒரு தாள் முந்தியதில்லை. அதை நேர்மை என்று எல்லாரும் சொன்னார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். முந்தச் சொல்லிக் கேட்க ஒருவரும் இல்லாததும் அதற்குக் காரணம் என்பது இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"தேதி வரிசைங்க. உங்களுக்கு முன்னாடி பதினோரு பேரு இருக்காங்க" என்றார், கிருஷ்ணசாமியின் முகத்தைப் பார்க்காமல்.

"சரிங்க சார்" என்று கிருஷ்ணசாமி எழுந்தார். "நான் கேட்டிருக்கக் கூடாது."

மூன்று நாள் அவரிடமிருந்து போன் இல்லை. அருள்பிரகாஷ் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் போனை எடுத்துப் பார்த்தார். ஸ்டெல்லாமேரி போட்ட காபி ஆறியது. நாலாவது நாள் ஃபைலைக் கட்டிலிருந்து உருவி மேலே வைத்தார். உடனே மறுபடி அதே இடத்தில் செருகினார். இப்படி இரண்டு தடவை.

சனிக்கிழமை லீவு நாளாயிருந்தும் ஆபீஸுக்குப் போய்க் கதவைத் திறக்கச் சொன்னார். அம்மாவாசை என்னவோ ஏதோ என்று பயந்துகொண்டே திறந்தான். அன்றைக்கும் மறுநாள் பூசை முடிந்த பிறகும் உட்கார்ந்து, முன்னால் இருந்த பதினோரு ஃபைலையும் வரிசையாகப் பார்த்து முடித்தார். ஒன்றில் குறிப்பு எழுதினார், ஒன்றில் விட்டுப்போன தேதியைத் தேடி நிரப்பினார். சாதாரணமாக ஒன்றரை மாதம் ஆகிற வேலை. பன்னிரண்டாவதாக, முறைப்படி, கிருஷ்ணசாமியின் ஃபைலில் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை ஆர்டர்கள் போயின. கிருஷ்ணசாமி போன் செய்து, "மனசு கேக்கல பாத்தீங்களா உங்களுக்கு!" என்றார். விளக்கம் சொல்ல வாயெடுத்த அருள்பிரகாஷ், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அவர் கூப்பிட்டதும் சரி என்று சொல்லி வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து ஒரு பிற்பகலில் கிராமத்திலிருந்து குஞ்சம்மாள் என்ற விவசாயி வந்தாள். பதினொன்றில் நாலாவது ஃபைல் அவளுடையது. ஆர்டரை ஒரு மஞ்சள் பையில் சுற்றிப் பிடித்திருந்தாள்.

"தீபாவளிக்கு அப்புறந்தான் வரும்னாங்க. யாருங்க சொன்னது எனக்காவ?"

"யாரும் சொல்லலம்மா. உங்க முறை வந்திச்சி."

"யாரும் சொல்லாமயா?" அவள் நம்பவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "பேரச் சொல்லுங்க சாமி. ஒரு கும்பிடு போட்டுட்டுப் போறேன். நன்றி கெட்டவன்னு ஆயிடக் கூடாது."

அருள்பிரகாஷ் மூன்று முறை விதியை எடுத்துச் சொல்லிப் பார்த்தார். அவள் எழுந்திருக்கிற வழியாக இல்லை. கடைசியில் ஒரு துண்டுத் தாளில் கிருஷ்ணசாமியின் பெயரையும் சிமென்ட் கடை விலாசத்தையும் எழுதிக் கொடுத்தார். அவளும் ஒரு டஜன் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு கடையைத் தேடிப் போனாள்.