மதிலுக்குள் ஒரு பிடி மண்

செல்லாண்டியம்மன் விமானப்படைத் தளத்துக்குள்ளே இருந்தாள். அவளாக ஒன்றும் அங்கே போய் உட்காரவில்லை. வெள்ளைக்காரன் சண்டைக் காலத்தில் போட்ட ஓடுபாதை, பிறகு நீண்டுகொண்டே வந்து, பெரியவர் ஆத்தப்பனின் காட்டையும் அவர் பங்காளிகளின் குலதெய்வக் கோயிலையும் மதிலுக்குள் விழுங்கிவிட்டது. வருஷத்தில் ஒரு நாள், ஆடியில், கும்பிட விடுவார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, இங்கே பூசாரி தயார். துப்பாக்கிக்காரன்தான் கதவைத் திறக்க வேண்டும்.

பங்காளிகளுக்கு அது சாமி கும்பிடும் நாள். ஆத்தப்பனுக்கு மகளைப் பார்க்கும் நாள். ஆறு வயதில் காய்ச்சலில் போன வேலாத்தாளைக் கோயிலுக்குக் கிழக்கே வேப்பமரத்தடியில் தன் கையாலேயே குழி வெட்டிப் புதைத்திருந்தார். அப்போது அது அவருடைய சோளக்காடு. மனைவி சுப்பாத்தாளும் போன மாசியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்ல அவரை விட்டால் நாதி இல்லை.

இந்த ஆடியில் தம்பி மகன் சென்னியப்பன், பனியன் கம்பெனி முதலாளி, கோயில் வாசலிலேயே ஒரே போடாகப் போட்டான்.

"பெரியப்பா, இனி இவங்க கிட்டக் கெஞ்சிட்டு இருக்க முடியாதுங்க. அவிநாசிபாளையத்துல எடம் வாங்கியாச்சு. இங்கிருந்து ஒரு பிடி மண்ணு கொண்டுபோனா அம்மனும் கூடவே வந்துருவா. மூத்தவரு நீங்கதான், உங்க கையால எடுங்க."

"அப்ப அடுத்த வருசம்?"

"இங்க எதுக்குங்க வரோணும்? அங்க கார் நிறுத்தவும் எடம் இருக்குதுங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். கொழந்தைய ஒத்தையில உட்டுட்டு எப்படிப் போறது என்று ஆத்தப்பன் கேட்க வாயெடுத்தார். அழுதுவிடுவோமோ என்று பயந்து, பூசாரி நீட்டிய மஞ்சள் துணியை வாங்கிக்கொண்டார்.

மண்ணெடுப்பதை யாரும் பார்க்கக் கூடாது என்று பூசாரி எல்லாரையும் திரும்பி நிற்கச் சொன்னார். மஞ்சள் துணியோடு சன்னதி முன் குனிந்த ஆத்தப்பன் சட்டென்று நிமிர்ந்து வேப்பமரத்தடிக்கு நடந்தார். அடேயப்பா, அந்த வயதுக் காலுக்கு என்ன வேகம்! இரண்டு கையாலும் மகளின் மண்ணை வாரித் துணியில் முடிந்துகொண்டார்.

"ஆத்தா, கோவிச்சுக்காத," என்றார் அம்மனைப் பார்த்து. "உனக்கு இங்க பட்டாளமே காவல் இருக்குது. அவளுக்கு ஆரு இருக்கறா?"

புதுக்கோயிலில் அந்த மண்ணைப் போட்டு, அதன்மேல் அம்மனை நிறுத்தினார்கள். கும்பாபிஷேகத்தன்று கூட்டம் தாங்கவில்லை. 'தாயே! தாயே!' என்று சென்னியப்பன் குடும்பத்தோடு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். ஆத்தப்பன் மட்டும் நின்றுகொண்டிருந்தார். பெற்ற மகள் காலில் எந்தத் தகப்பன் விழுவான்?

"பெரியப்பா, கும்புடுங்க," என்றான் சென்னியப்பன் எழுந்தபடி.

இத்தனை சனத்தில் இதைச் சொல்லிச் சிரிக்கவோ அழவோ ஒரு ஆள் இல்லை. சுப்பாத்தாள் இருந்திருக்கலாம். அவர் கையைக் கூப்பிக்கொண்டு, பக்கத்தில் நிற்பவனுக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"கூட்டமா இருக்குதுன்னு பயந்துக்காத கண்ணு. அப்பன் இங்கயேதான் நிக்கறேன்."