அண்ணாந்து பார்க்கிறவருக்கு ஒரு கண்ணாடி

சித்ராதேவிதான் அந்தப் பனியன் துணி ரோலைத் திருப்பி அனுப்பினாள். செக்கிங் மேஜை வெளிச்சத்தில் துணி ஓட ஓட, முடி கனத்துக்கு ஒரு கோடு கடைசி வரைக்கும் கூடவே வந்தது. நிட்டிங் மெஷினில் ஏதோ ஓர் ஊசி கெட்டிருக்கிறது. மாற்ற வேண்டிய ஃபிட்டர் அவள் வீட்டுக்காரர் கந்தப்பன். அவரும் மாற்றத்தான் செய்திருந்தார். கெட்டதை விட்டுவிட்டுப் பக்கத்து ஊசியை.

"மூணாவது தடவைங்க்கா," என்றான் மேனேஜர் வேல்குமார். "அண்ணன் வேலையில நாங்க குத்தம் சொன்னதில்லீங்க. இந்த மாசம் பாக்கலாம். இல்லீனா குடோன்ல உக்காரட்டும்."

அன்றைக்குக் கந்தப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. "இருவத்தஞ்சு வருசம் மெஷினோட கெடந்துட்டு, குடோன்ல போயி பொட்டி அடுக்கறதா?"

வயது நாற்பத்தொன்பது. அரை மைலில் வரும் பஸ்ஸின் போர்டைப் படித்துவிடுவார். கையிலிருக்கும் ஊசிதான் கலங்கும். செல்போனில் எதையோ பார்த்ததிலிருந்து ஒரே பேச்சு: கண்ணுக்குள்ளிருக்கும் லென்ஸையே லேசர் வைத்துப் பழையபடி ஆக்கிவிடலாமாம்.

"கண்ணாடிதான் வாங்கி வெச்சிருக்கறீங்களே மாமா?"

"மெஷின்கிட்ட அது ஆகறதில்ல புள்ள. பஞ்சு வந்து அப்பிக்குது."

"பஞ்சைத் தொடச்சாப் போகுது."

"உனக்கென்ன, நீ ரிஜெக்ட் பண்ணீட்டு எந்திரிச்சுப் போயிருவ."

ஞாயிற்றுக்கிழமை இருவருமாகக் கண் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் ஆஷா தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்து, நாற்காலியை இழுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"கண்ணு நல்லாருக்கு அண்ணாச்சி. உள்ள ஒரு லென்ஸ் இருக்குல்லா, கிட்டத்துல பாக்கையில அது உப்பும், தூரத்துக்குத் தட்டையாகும். வயசாக ஆக இறுகிப் போயிரும். உப்பாது."

"பழைய பனியனாட்ட ஸ்ட்ரெட்ச் போயிருச்சுன்னு சொல்றீங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதான்."

"லேசர்ல அதை எளக்கீறலாமாமுங்க?"

"லென்ஸுக்குள்ள நுணுக்கமாக் கீறி விட்டா இளகுமான்னு ஆராய்ச்சி நடக்கு. ஆனா எவ்வளவு இளகும், எத்தன நாள் நிக்கும், புரை விழுந்திருமோ, இதெல்லாம் இன்னும் திட்டமாத் தெரியல."

"தெரியாட்டிப் போகுதுங்க. எங்கண்ணுல பண்ணிப் பாருங்க, கையெழுத்துப் போட்டுத் தாரேன்!"

"ஏனுங்க மாமா!" சித்ராதேவி அவர் தொடையில் ஒன்று வைத்தாள்.

"நல்ல கண்ண வச்சு நான் சோதிச்சுப் பாக்க மாட்டேன் அண்ணாச்சி," என்றார் டாக்டர். படித்த டாக்டர் ஒருவர் தெரியலை என்று கூசாமல் சொன்னதே சித்ராதேவிக்குப் பெரிதாகப்பட்டது. "இருக்கற கண்ணாடி ஏன் ஒத்து வரல?"

"பஞ்சுங்க..."

"பஞ்சு மட்டும்னா அவ்வளவு கோவம் வராதே. வேலைய எப்படிப் பாப்பீங்க, செஞ்சு காட்டுங்க."

கந்தப்பன் மனைவியைப் பார்த்தார். பிறகு டாக்டரின் மேஜையையே மெஷினாக வைத்துக்கொண்டு, அதன் அடியில் குத்தவைத்து உட்கார்ந்தார். "துணி இப்பிடிக் கீழ எறங்குமுங்க. கோடு எங்கிருந்து வருதுன்னு அதைப் புடிச்சே மேல ஊசி வரைக்கும் போகோணும்." தலை அண்ணாந்தது.

சித்ராதேவி வாயைப் பொத்திக்கொண்டாள். காரணம், வெள்ளைக் கோட்டோடு டாக்டரும் மேஜைக்கடியில் நுழைந்து, அவர் பக்கத்தில் குத்தவைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட!" உள்ளேயிருந்து குரல் வந்தது. "கிட்டத்துல பாக்கற பவர் ஒங்க கண்ணாடியில கீழ்ப்பாதியில இருக்கு. புஸ்தகம் படிக்கறவுகளுக்குச் சரி. நீங்க கிட்டத்துல பாக்கறதே மேலேல்லா இருக்கு! தூரத்துப் பவர் வழியா ஊசியப் பாத்தா எப்படித் தெரியும்?"

நர்ஸிடம் டேப்பை வாங்கி, கண்ணுக்கும் மேஜைப் பலகைக்கும் உள்ள தூரத்தை அங்கேயே அளந்தார். எழுந்தபோது முழங்காலெல்லாம் தூசி. தட்டக்கூட இல்லை, சீட்டில் எழுதினார்: கீழேயும் கிட்டப் பவர், மேலேயும் கிட்டப் பவர், நடுவில் தூரத்துக்கு.

"இப்பிடிக்கூட பண்ணுவாங்களா?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். செய்து கொடுக்கப் பத்து நாளானது.

பதினோராம் நாள் காலையில் ஐந்தாம் நம்பர் மெஷினில் கோடு விழுந்தது. கந்தப்பன் மெஷினை நிறுத்தி, அடியில் குத்தவைத்து அண்ணாந்தார். விரல் துணியோடு மேலேறி ஓர் இடத்தில் நின்றது. சாக்பீஸால் ஒரு புள்ளி. எழுந்து ஊசியை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கொக்கி வளைந்திருந்தது.

அடுத்த ரோல் சித்ராதேவியின் மேஜைக்குத்தான் வந்தது. வேல்குமார் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவள் அவசரப்படவில்லை, வேறு யாருடைய துணியானால் எப்படிப் பார்ப்பாளோ அதைவிட உற்றுப் பார்த்தாள். ரோல் தீர்ந்தது.

"என்னுங்க்கா?"

"பாஸ். குடோனுக்கு வேற ஆள் பாத்துக்குங்க கண்ணு."