நாலு மூலை மஞ்சள்

கம்ப்யூட்டர் வைரஸைப் பற்றி 1996-இல் காரைக்குடிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: வைரஸை எடுக்க வருகிறவன்தான் வைரஸை வைத்துவிட்டும் போகிறான். இதற்குச் சாட்சியோ ஆதாரமோ யாரிடமும் கிடையாது. ஆனாலும் டீக்கடையில் இதை யாராவது மறுத்துப் பேசினால், அவரை விவரம் கெட்டவர் என்று பார்ப்பார்கள்.

அந்தப் பழி இப்போது பெல்சியின் தலையில் வந்து விடிந்திருந்தது. அவள் எம்.சி.ஏ. கடைசி வருஷம். கூடப் படித்தவர்கள் ப்ராஜெக்ட் செய்ய மெட்ராஸ், பெங்களூர் என்று ரயிலேறிப் போய்விட்டார்கள். அவளுடைய அப்பா மரியசூசை வாத்தியார் மட்டும், "அம்புட்டுத் தூரமெல்லாம் வேணாம்த்தா. எம்.சி.ஏ. முடியட்டும், அடுத்து பி.எட்." என்று சொல்லி, பி.எட். விண்ணப்பத்தையும் வாங்கி டி.வி.க்கு மேலே வைத்துவிட்டார். அவர் வாத்தியார், அவர் அண்ணன் வாத்தியார், இரண்டு அத்தைகளும் டீச்சர்கள். அந்த வீட்டில் கரும்பலகையிடமிருந்து தப்பித்தவர்கள் யாருமில்லை. ப்ராஜெக்டை நல்லபடியாக முடித்துக் காட்டினால் அப்பா மனம் மாறுவார் என்று நம்பி, பெல்சி தப்பித்தே தீருவது என்று இருந்தாள்.

அதனால் உள்ளூரிலேயே நாகநாதனின் கடையில் போய்ச் சேர்ந்தாள். நாகநாதன் டி.வி. மெக்கானிக்காக இருந்து கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவராக மாறியவர். ஊரில் கம்ப்யூட்டர் வைத்திருந்த கடைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அத்தனைக்கும் வருஷ ஒப்பந்தம் அவரிடம்தான். பெல்சி சொன்ன ப்ராஜெக்டைக் கேட்டதும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். எந்த வைரஸ் வருகிறது, எந்த வழியாக வருகிறது, அடுத்து யார் வீட்டுக் கதவைத் தட்டப்போகிறது என்று துப்புத் துலக்கி முன்கூட்டியே சொல்வது. அதுதான் திட்டம்.

"அப்ப சி.ஐ.டி. வேலைன்னு சொல்லு" என்றார் நாகநாதன். "செய்யும்மா. நமக்கும் ஒரு கெத்துதான்."

யுனிவர்சிட்டியில் அவளுடைய பேராசிரியருக்கு அவ்வளவு சந்தோஷமில்லை. "இதெல்லாம் ஒரு ப்ராஜெக்டா? சரி, முடிச்சிட்டேன்னு கம்பெனி லெட்டர் கொண்டா, பார்ப்போம்" என்று முடித்துக்கொண்டார்.

ஒரு மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பெல்சி சைக்கிளில் கடை கடையாகப் போவாள், பிளாப்பி டிஸ்க்குகளைச் சோதிப்பாள், வருவாள். அதற்குப் பிறகுதான் பொன்னழகுவின் அச்சகத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் இருபத்தெட்டாம் தேதி இருபத்துமூன்றாம் தேதியானது. ஆயிரம் பத்திரிகையும் அச்சாகி, மாப்பிள்ளையின் தாய்மாமன் கையில் போன பிறகுதான் கண்டுபிடித்தார்கள். தாய்மாமன் அச்சகத்துக்கு வந்து பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அடுத்து உரக்கடையில் எட்டு மூட்டை மூன்று மூட்டையானது. ஸ்டூடியோ, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், ரைஸ் மில் என்று மொத்தம் ஏழு கம்ப்யூட்டர்களில் ஒரே நோய். கோப்பில் எதை எழுதிச் சேமித்தாலும், அதில் கடைசியாக வரும் எட்டு மூன்றாகிவிடும்.

எல்லாரையும்விட அதிகமாகக் குதித்தவர் புதுவயல் ரைஸ் மில் முதலாளி முத்துராமன். "அந்தப் பொண்ணு எங்கெங்க போச்சோ, அங்கங்க வியாதி வந்திருக்கு. இதுக்கு மேல என்னய்யா வேணும்?" என்றார். சொல்வதில் நியாயம் இருக்கிற மாதிரியே இருந்ததுதான் கொடுமை. அவள் ஏழு இடத்துக்கும் போயிருந்தாள். முத்துராமன் அவளை மில் வாசல் மிதிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அச்சகத்தில் கடைக்காரர்கள் எல்லாரும் கூடி ஒரு முடிவு எடுப்பது என்றும் ஏற்பாடாகிவிட்டது.

நாகநாதனின் முகம் செத்துப்போனது. "வெள்ளிக்கிழமைக்குள்ள இது எங்கேருந்து வந்துச்சுன்னு காட்டிரு பெல்சி. இல்லைன்னா ஒப்பந்தம் பூராம் போயிரும். கடையே இருக்காது, அப்புறம் லெட்டர்ல நான் எந்தக் கடை சீலைக் குத்துறது?"

பெல்சி கடை கடையாக ஏறி இறங்கினாள். "வெளியாள் யாராச்சும் பிளாப்பி கொண்டாந்து போட்டாகளா?" என்று கேட்டாள். "யாரும் வரலையே" என்றார் பொன்னழகு, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு. "சேச்சே" என்றார் உரக்கடைக்காரர். ஸ்டூடியோக்காரர் இருட்டறைக்குள் போனவர் வெளியே வரவே இல்லை. எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்பது மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. யாருக்காக என்பதுதான் தெரியவில்லை.

மனம் வெறுத்துப்போய், கை சும்மா இருக்க வேண்டாமே என்று, அச்சகக் கம்ப்யூட்டரில் பிளாப்பி போடும் வாயைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். பஞ்சு மஞ்சளாக வந்தது. அச்சக மையாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். உரக்கடையிலும் துடைத்தாள், மஞ்சள். ஏதாவது உரத்தூளாக இருக்கும். ஸ்டூடியோவிலும் மஞ்சள் வந்தபோதுதான் பஞ்சை மூக்கருகே கொண்டுபோனாள். அவளுடைய அம்மா யூஜினியா மீன் குழம்பு வைக்கும் நாளில் அடுப்படியில் அடிக்கிற அதே வாசனை.

மற்றக் கடைகளிலும் அதேதான். கம்ப்யூட்டருக்கெல்லாம் யாரோ ஒருவர் மஞ்சள் ஊட்டியிருக்கிறார்! பெல்சிக்கு ஒரே சமயத்தில் சிரிப்பும் நடுக்கமும் வந்தன. பாக்கி இருந்தது மில் மட்டும்தான். வெள்ளிக்கிழமை மதியம், முத்துராமன் மதுரைக்குப் போயிருக்கிறார் என்று தெரிந்துகொண்டு, புதுவயலுக்குப் பஸ் ஏறினாள்.

மில்லில் கணக்கெழுதும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவள் முத்துராமனின் மகள் ரோகிணி. பெல்சிக்குப் பழக்கமானவள்தான். வாசலில் நின்ற லாரிகளைத் தாண்டி பெல்சி தயங்கித் தயங்கி வருவதைப் பார்த்ததும், "அப்பா இல்ல, சீக்கிரம் வா" என்று உள்ளே இழுத்துக்கொண்டாள். அழுது வீங்கிய கண் அவளுக்கு.

பஞ்சு மஞ்சளாக வந்தது. பெல்சி அதை நீட்டினாள். "இது என்னன்னு சொல்லேன். எனக்கு மண்டையே வெடிச்சிரும் போல இருக்கு."

ரோகிணி மோந்து பார்த்துவிட்டு, அழுத கண்ணோடே சிரித்தாள். "மஞ்சள்தான். உங்க வீட்டுல ஜாதகம் பாக்க மாட்டீகல்ல, அதான் தெரியல. நல்ல காரியத்துக்கு ஜாதகத்தை வெளிய எடுத்தா நாலு மூலைக்கும் மஞ்சள் தடவித்தான் எடுப்பாக. காகிதத்துக்குத் தடவுறதை எவனோ பிளாப்பிக்குத் தடவி…" சொல்லிக்கொண்டே வந்தவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "ஏய், பெல்சி. எங்க சாமி அலமாரில ஒரு பிளாப்பி இருக்குடி."

ரோகிணி வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்து வந்தாள். நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் ஒரு குங்குமப் பொட்டு.

பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள். சாக்கோட்டை யூனியன் ஆபீஸில் வேலை பார்க்கும் மாயக்கண்ணனை அவளுக்குப் பிடித்திருந்தது. தைரியமாக அப்பாவிடமே சொல்லிவிட்டாள். அவர் கோபப்படவில்லை. நல்ல பையன்தான், ஜாதகம் மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்றார். மெட்ராஸிலிருந்து வந்த, அவருக்கு மருமகன் முறையுள்ள ஒருவன் ஜாதகப் பொருத்தம் பார்க்கும் பிளாப்பி கொண்டுவந்திருந்தான். "போன வாரம் கூப்பிட்டு, பத்துக்கு மூணுதான் பொருத்தம், விட்டுரு ஆத்தான்னு சொல்லிட்டாக. ஒரு கம்ப்யூட்டர்னா பரவாயில்ல, எல்லாக் கம்ப்யூட்டரும் அதைத்தான் சொல்லுதுன்னாக. எந்தக் கம்ப்யூட்டர்னு அப்பக் கேக்கத் தோணலடி."

பெல்சிக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. பாவம் மனிதர்! ஒரு டாக்டர் சொன்னது பிடிக்காமல் அடுத்த டாக்டரைப் பார்ப்பதுபோல, மகளுக்காக ஊரிலுள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டரிடமும் போய் நின்றிருக்கிறார். போன இடத்திலெல்லாம் வைரஸைத் தன் கையாலேயே உள்ளே விட்டு, அது சொன்ன பொய்யையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வெளியே தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டதால் கடைக்காரர்களும் வாய் திறக்கவில்லை.

கையோடு கொண்டுவந்த சுத்தமான பிளாப்பியைப் போட்டு மில் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்தாள், மஞ்சள் பிளாப்பியையும் சுத்தம் செய்தாள். பிறகு ஜாதகத்தை மறுபடி ஓட்டினாள். பொருத்தத்தைக் கோப்பில் சேமித்துவிட்டு, அதைத் திறந்து திரையில் காட்டுகிற பிளாப்பி அது. திரையின் கடைசி வரியில் வந்து நின்றது: பொருத்தம் 8.

ரோகிணி அவளைக் கட்டிப்பிடித்துத் தட்டாமாலை சுற்றினாள். சுற்றி முடித்ததும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. "அப்பா மதுரையிலருந்து நேரா கூட்டத்துக்குத்தான் போவாக. நீ தனியாக் கூப்பிட்டுச் சொல்லிரு. எல்லாரு முன்னாலயும் அவுக பேரைச் சொல்லிராதடி. பொண்ணு ஜாதகத்தைத் தூக்கிக்கிட்டுக் கடை கடையா அலைஞ்சாகன்னு ஊரே பேசும்."

பஸ்ஸில் திரும்பும்போது பெல்சிக்கு ஒரு பக்கம் ஆத்திரமாகவும் இருந்தது. தன்னை இத்தனை பேர் முன்னால் அசிங்கப்படுத்திய மனிதர். பேரைச் சொன்னால் போதும், இன்றைக்கே லெட்டர் கையில். ரோகிணியின் வீங்கிய கண்ணை நினைத்ததும் அந்த ஆத்திரம் அடங்கிவிட்டது.

அச்சகத்துக்குள் போனபோது முத்துராமன் ஏற்கனவே நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெல்சி நேரே அவரிடம் போய், "ஐயா, ஒரு நிமிஷம் தனியாப் பேசணும்" என்றாள்.

"தனியா என்னம்மா பேச்சு? எதுன்னாலும் எல்லாரு முன்னாலயும் பேசு!"

"உங்க நல்லதுக்குத்தான் ஐயா."

"பாத்தீகளா, என்னையத் தனியாத் தள்ளிக்கிட்டுப் போயி சரிக்கட்டப் பாக்குது!"

வேறு வழியில்லை. பெல்சி எல்லாரையும் பார்த்துத் திரும்பி நின்றாள். "வைரஸ் ஒரு பிளாப்பில வந்துச்சு. கொண்டாந்தவுகளுக்கே அது தெரியாது. அவுக மேல தப்பும் இல்ல. யாருன்னு நான் சொல்ல மாட்டேன்."

கடைக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். முத்துராமன் மேசையைத் தட்டினார். "பேரைச் சொல்லலைன்னா என்ன அர்த்தம்? நீதான்னு அர்த்தம்!"

"சொல்லிரும்மா" என்று நாகநாதன் கெஞ்சினார். "எனக்காகச் சொல்லிரு."

"அது ஒருத்தர் வீட்டு விஷயம் சார். என்னால முடியாது." டி.வி.க்கு மேலிருந்த விண்ணப்பம் கண் முன்னே வந்தது. இருந்தாலும் அச்சகக் கம்ப்யூட்டரின் முன்னால் போய் உட்கார்ந்து, எல்லாரும் பார்க்க எட்டு என்று அடித்தாள். சேமித்துவிட்டு மறுபடி திறந்தாள். திரையில் மூன்று.

"இதுதான் அது செய்யிற வேலை. கடைசியா வர்ற எட்டை மூணாக்கிரும். அதனால இந்த ஒரு மாசத்துல யாருக்கு, எந்தக் கம்ப்யூட்டர்ல, எதுக்காக மூணு வந்திருந்தாலும்" என்று சொல்லி, முத்துராமனைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடுபட்டு மின்விசிறியைப் பார்த்தாள், "அதை நம்ப வேணாம். திரும்ப ஒருக்காப் போட்டுப் பாருங்க. அது எட்டாத்தான் இருக்கும்."

முத்துராமன் இன்னொரு முறை தட்டுவதற்குத் தூக்கிய கை அந்தரத்தில் நின்றது.

"எட்டா?" என்றார்.

"எட்டுதான் ஐயா."

"ஏழு கம்ப்யூட்டருமா எங்கிட்டப் பொய் சொல்லுச்சு?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

"ஏழும் தனித்தனியாச் சொல்லல ஐயா" என்றாள் பெல்சி மெதுவாக. "நீங்க சட்டைப் பையில வச்சுக்கிட்டுப் போன ஒண்ணுதான் ஏழு எடத்துலயும் சொல்லிருக்கு. மத்தியானம் சுத்தம் பண்ணி நானே போட்டுப் பாத்தேன். ரோகிணியும் பாத்துருச்சு. பத்துக்கு எட்டு."

முத்துராமன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். துண்டை எடுத்தபோது அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தார். "ஏய்யா பொன்னழகு, பத்துக்கு எட்டாம்யா! என் பிள்ளை ஒரு வாரமாச் சாப்பிடலய்யா!" சந்தோஷத்தில் நாகநாதனை அப்படியே தூக்கிவிட்டார். அதற்குப் பிறகு யார் எதை மறைப்பது? "எங்கிட்ட மூணு தடவை போடச் சொன்னாருல்ல" என்று பொன்னழகு ஆரம்பிக்க, "என்னைய இருட்டறையில வச்சுச் சத்தியம் வாங்கினாரு" என்று ஸ்டூடியோக்காரர் தொடர, அச்சகமே சிரிப்பில் அதிர்ந்தது. அந்தச் சிரிப்பில் ஒப்பந்தம் பற்றிய பேச்சையே எல்லாரும் மறந்துபோனார்கள்.

முத்துராமன் பெல்சியிடம் வந்து கும்பிட்டார். "இம்புட்டுப் பேச்சையும் வாங்கிக்கிட்டு எம் பேரைச் சொல்லாம நின்னியேம்மா."

"நீங்களே சொல்லிட்டீக ஐயா" என்றாள் பெல்சி. அதற்கும் சிரித்தார்கள்.

ரோகிணி கல்யாணத்துக்கும் இருபத்தெட்டாம் தேதியைத்தான் குறித்தார்கள். அதே அச்சகத்தில்தான் பத்திரிகை. பெல்சி ஒவ்வொரு எட்டையும் விரல் வைத்துச் சரிபார்த்துக் கொடுத்தாள். நாகநாதனின் லெட்டரை மரியசூசை வாத்தியார் வாங்கி இரண்டு முறை படித்தார். மறுநாள் யூஜினியா முறுக்குச் சுட்டு எண்ணெய் வடியப் போட்டது பி.எட். விண்ணப்பத்தின் மேல்தான். அவரும் பார்த்துக்கொண்டே ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

ப்ராஜெக்ட் புத்தகத்தைக் கட்டிக் கொண்டுபோகும் அன்று முத்துராமன் மில்லிலிருந்து நேரே வந்து வழிமறித்தார். நல்ல காரியத்துக்குப் போவதை வெறுமனே கொண்டுபோகக் கூடாதாம். கையில் மஞ்சள் கிண்ணம். பெல்சி வேண்டாமென்று சொல்லவில்லை, புத்தகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் புத்தகத்தைக் கையில் வாங்கியதும் விரலைப் பார்த்தார். "என்னம்மா இது, நாலு மூலையிலும் மஞ்சள் கறை?"

"கறை இல்லை சார்" என்றாள் பெல்சி. "அதுதான் சார் ப்ராஜெக்ட்."

அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உட்கார்ந்து சொல்லு என்று நாற்காலியைக் காட்டினார்.