வெள்ளிக்கிழமை முதலை

என் தம்பி யுலிஸ் மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று அவனைவிட நான்தான் அதிகம் ஆசைப்பட்டேன். இதில் பாசம் கொஞ்சம், சுயநலம் நிறைய. அவன் மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வேலியைத் தாண்டி வந்து, என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, "இன்னைக்கு என்னக்கா?" என்பான். நாற்பது வருடம் இழுவைப் படகில் வேலை பார்த்தவன். ஆற்றின் எந்த வளைவில் எவ்வளவு ஆழம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். முட்டை வேகவைக்கச் சொன்னால் எந்தப் பாத்திரத்தில் என்று கேட்பான்.

அவன் மனசு போனது தபால் நிலையத்து எலோடியிடம். அவளும் கணவனை இழந்தவள். மூன்று மாதம் விடாமல் தபால்தலை வாங்கினான். யாருக்கும் ஒரு வரி எழுதியதில்லை. கடைசியில் ஒருநாள் கவுன்டரில் நின்று கேட்டே விட்டான்.

எலோடி முத்திரை குத்துவதை நிறுத்தவில்லையாம். "முதல் புருஷனுக்கு முப்பது வருஷம் ஆக்கிப் போட்டேன் யுலிஸ். ரெண்டாவதா ஒருத்தருக்கு ஆக்கிப் போட எனக்குத் தெம்பு இல்ல. வர்ற வெள்ளிக்கிழமை உங்க வீட்டுக்குச் சாப்பிட வர்றேன். நீங்களே சமைங்க. உங்க அக்கா விருந்தாளியா வரட்டும். அவங்க கை மட்டும் படக்கூடாது."

அது தவக்காலம். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஊரில் இறைச்சி கிடையாது. அந்த விஷயத்தில் எலோடி பங்குச்சாமியாரையே மிரட்டுகிற ரகம். மீன், இறால், நண்டு, முதலை இதெல்லாம் சாப்பிடலாம். முதலை எப்படி மீன் கணக்கில் வந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். தண்ணீரில் கிடக்கிறது, ஆயரும் சரி என்று சொல்லிவிட்டார், அப்புறம் என்ன கேள்வி?

"பேசாம மீனை வறுத்து வை" என்றேன்.

"மீனு எவன் வேணா வறுப்பான். நான் முதலைக் குழம்பு வைக்கப் போறேன்" என்றான் யுலிஸ்.

வாய் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு அவனோடு படகுத்துறைக் கடைக்குப் போனேன். கடைக்காரன் ரெமி செப்டம்பரில் பிடித்த முதலைகளை வெட்டி உறையவைத்து வருடம் முழுவதும் விற்பவன்.

"வாலா, காலா?" என்றான் ரெமி.

"எது நல்லாருக்கும்?"

"திங்கப் போறது நீயின்னா கால் போதும், மென்னுக்கிட்டே கிட. எலோடிக்குன்னா வால்தான்."

யுலிஸின் காது சிவந்தது. ஊருக்கே தெரிந்திருக்கிறது.

"இதைக் கேட்டுக்க" என்று ரெமி பொட்டலத்தை நீட்டினான். "மஞ்சளா கொழுப்பு இருக்கும். ஒரு துளி விடாம வழிச்சு எடுத்துரு. விட்டேன்னா சேத்துத் தண்ணி குடிச்ச மாதிரி இருக்கும். அந்தப் பொம்பள தபால் ஆபீஸ்ல உன்னை உள்ளயே விடாது."

வெள்ளிக்கிழமை மதியம் என் சமையலறை ஜன்னலில் நின்று அவன் சமையலறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்ப்பது கை படுவது ஆகாது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் கொழுப்பு எடுத்தான். சதையைத் துண்டு போட்டுச் சுத்தியலால் தட்டினான். குழம்பு கெட்டியாக எண்ணெயில் கோதுமை மாவைக் கொட்டிச் செம்பு நிறம் வரும்வரை கரண்டியை நிறுத்தாமல் கிளறினான். அதில் கொஞ்சம் அசந்தாலும் கருகிவிடும். அவன் அசரவில்லை. வெங்காயம், செலரித் தண்டு, குடைமிளகாய், தக்காளி, மிளகாய்த்தூள் என்று எல்லாம் வரிசையாக விழுந்தன. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இவ்வளவு தெரிந்தவன் ஆறு வருடமாக என் உயிரை ஏன் வாங்கினான்?

ஐந்து மணிக்குக் குளிக்கப் போனான். நான் வேலியைத் தாண்டினேன். சும்மா பார்க்கத்தான்.

மூடியைத் திறந்து ஒரு கரண்டி ருசி பார்த்தேன். கறி பஞ்சு மாதிரி வெந்திருந்தது. காரம் சரி. உப்பும் சரி. ஆனாலும் ஏதோ குறைந்தது. குறைவது என்னவென்று என் கைக்குத் தெரியும். நாற்பது வருடமாக எந்தக் குழம்பிலும் அது தானாகப் போடுகிற பொருள்தான். வீட்டுக்கு ஓடினேன், எடுத்து வந்தேன், வில்லை வில்லையாக நறுக்கி வறுத்துப் போட்டேன். கிளறி மூடிவிட்டு, ஒன்றும் தெரியாதவளாக வந்து தலை வாரிக்கொண்டேன்.

ஆறு மணிக்கு எலோடி நீலச் சட்டையில் வந்தாள். யுலிஸ் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினான். எலோடி சிலுவை போட்டுக்கொண்டு, "ஆண்டவரே, வெள்ளிக்கிழமைக்குத் தக்க இந்தச் சாப்பாட்டை ஆசீர்வதியும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை.

நான் போட்டது கோயில் திருவிழாவுக்கு நானே குடலில் அடைத்துச் செய்கிற பன்றி இறைச்சி சாசேஜ். காலையில் கோயிலுக்குப் போய்ச் சிலுவைப் பாதை முழுவதும் முட்டி போட்டு முடித்தவள் நான். சாயங்காலம் அதே கையால் ஒரு பக்தியுள்ள பெண்ணின் தட்டில் பன்றியைப் போட்டிருக்கிறேன்.

யுலிஸ் தன் தட்டைப் பார்த்தான். ஒரு வில்லையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். எலோடியின் கரண்டி மேலே போய்க்கொண்டிருந்தது.

"சாப்பிடாதீங்க" என்றான் யுலிஸ். "அதுல பன்னி இருக்கு. நான்தான் போட்டேன். கிழமைய மறந்துட்டேன்."

எலோடி கரண்டியை மூக்கருகே கொண்டுபோனாள். "பூண்டு தூக்கலா இருக்கு. மிளகு இடிச்சுப் போட்டது. வருஷா வருஷம் கோயில் திருவிழாவுல இந்த சாசேஜை வரிசைல நின்னு வாங்கித் தின்னிருக்கேன். யார் கை இது?"

அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை.

"என் கைதான் எலோடி. அவன் மேல தப்பே இல்லம்மா. ஆறு வருஷமா இவனுக்கு வடிச்சுக் கொட்டி அலுத்துப் போச்சு. நீ எங்க வேண்டாம்னு சொல்லிருவியோன்னு பயந்துட்டேன். தயவுசெஞ்சு இவனைக் கூட்டிட்டுப் போயிரு."

"அக்கா" என்றான் யுலிஸ், செத்த குரலில்.

எலோடி முள்கரண்டியால் ஒரு முதலைத் துண்டை அழுத்தினாள். அது இரண்டாகப் பிளந்தது. "கொழுப்பு எடுத்தது யாரு?"

"நான்."

"மாவு கிளறினது?"

"நான்தான்."

"அப்ப கெட்டுப் போனது அவங்க போட்டது மட்டும்." தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். "அடுத்த வெள்ளிக்கிழமையும் வர்றேன். அதே முதலை. அக்கா மத்தியானத்துலேருந்து என்னோட தபால் ஆபீஸ்ல உக்காந்திருக்கட்டும்."

அன்று மூவரும் வெண்ணெயும் ரொட்டியும்தான் சாப்பிட்டோம். மறுநாள் சனிக்கிழமை, அந்தக் குழம்பை நான் தனியாக உட்கார்ந்து காலி செய்தேன். நானே சொல்லக்கூடாது, பிரமாதமாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ரெமியிடம் வால் தீர்ந்துவிட்டது. யுலிஸ் கால் வாங்கினான். எலோடியோடு தபால் நிலையத்திலிருந்து வந்து மேஜையில் உட்கார்ந்தேன், முதல் துண்டை வாயில் போட்டேன். லாரி டயர். மென்றேன். திரும்ப மென்றேன். இன்னும் இரண்டு மணி நேரம் வேகவைத்து, ஒரு கை சாசேஜ் போட்டால் சரியாகிவிடும். என் கை துறுதுறுத்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

எலோடி மென்றுகொண்டே இருந்தாள். யுலிஸ் சாப்பிடாமல் அவள் தாடையையே பார்த்தான். ஒருவழியாக விழுங்கினாள், தண்ணீர் குடித்தாள், தட்டை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க, யுலிஸ்."

அந்தக் கறியை இரண்டாவது தரம் கேட்கிறவள் கட்டாயம் அவனைக் கட்டிக்கொள்வாள். எனக்கு விடுதலை. யுலிஸ் சிரித்த சிரிப்பைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இனி ஆறு மணிக்கு வேலியைத் தாண்டி யாரும் வந்து இன்றைக்கு என்ன என்று கேட்கப் போவதில்லை என்று தோன்றியதும் வாயிலிருந்த துண்டை என்னால் விழுங்க முடியவில்லை.

"என்னக்கா ஆச்சு?" என்றான் யுலிஸ்.

"முதலைடா" என்றேன். "இறங்க மாட்டேங்குது."