வராது என்று சொல்லாத ஜன்னல்

பஸ் நிலையத்து விசாரணை ஜன்னலுக்குள் தலை நரைக்கும்வரை உட்கார்ந்திருந்த அக்காவுக்கு ஒரே ஒரு கொள்கைதான். பஸ் வராது என்று வாயால் சொல்லக் கூடாது. டயர் வெடித்து வழியில் நின்றாலும் சரி, டிரைவர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாலும் சரி, "வந்துட்டே இருக்கு, உக்காருங்க" என்பாள். பஸ் முதலாளியான அவள் தம்பி சொல்லிக்கொடுத்த பாடம் அது. வராது என்றால் ஆள் அடுத்த கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுவான். வரும் என்றால் ஒரு டீயைக் குடித்துவிட்டு நம்மிடமே திரும்பி வருவான். பஸ்ஸும் தட்டுத்தடுமாறி எப்படியோ வந்து சேர்ந்துவிடும். அதனால் அக்கா பொய் சொன்னாள் என்று யாரும் சொல்ல முடியாது. உண்மையைக் கொஞ்சம் முன்கூட்டியே சொன்னாள், அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் விஷயத்திலும் அவளுடைய பதில் இதுவேதான். மனுஷர் நாட்டின் மறுகோடியில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போனவர். முதலில் மாசாமாசம் வந்தார். அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை. அப்புறம் போன் மட்டும் வந்தது. கேட்டால் தூரம் என்பார். ரெண்டு நாள் பஸ், இடுப்பு விட்டுப்போகிறது என்பார். மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தாயிற்று, அப்பா வந்ததும் தேதி வைப்பது என்று ரெண்டு வீட்டிலும் ஏற்பாடு. மாப்பிள்ளையின் அம்மா அவ்வப்போது போன் பண்ணி, "சம்பந்தி எப்ப வர்றார்?" என்பார். "வந்துட்டே இருக்கார், சம்பந்தியம்மா" என்பாள் அக்கா. கல்யாணம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் தம்பிக்கு ஆகாயத்தின் மேல் ஆசை வந்தது. எங்கேயோ போகக் கிளம்பி, கொஞ்சம் லேட்டாகி, ஒரு பெரிய விமானக் கம்பெனிக்காரன் அவன் மூஞ்சியிலேயே கதவைச் சாத்திவிட்டானாம். ஓடி வருகிற ஆளை விட்டுவிட்டு ஆயுசில் ஒரு பஸ்ஸைக்கூட எடுக்காதவன் தம்பி. ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"கண்ணு முன்னாடி ஒருத்தன் ஓடி வர்றான், கதவைச் சாத்தறானுங்கக்கா. அதெல்லாம் ஒரு பொழப்பா? நாமளே ஒண்ணு ஆரம்பிச்சா என்ன?"

அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "ஆரம்பியேன், யார் வேணாம்னா?" என்றாள். சும்மா பேச்சுக்குச் சொன்னது. அவன் ஆரம்பித்தே விட்டான்.

ரெண்டு விமானம், ரெண்டும் வாடகைக்கு. பல நாட்டில் உழைத்து ஓய்ந்துபோனவை. பெரியவன், சின்னவன் என்று கூப்பிட்டார்கள். பஸ்ஸுக்கு பெயிண்ட் அடிக்கிறவரே இவற்றுக்கும் அடித்தார். பழக்க தோஷம், பெரியவனின் வாலில் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதிவிட்டார். அழிக்க அந்தக் கலரில் பெயிண்ட் மிச்சமில்லை, அதனால் அது அப்படியே பறந்தது.

சீட் நம்பர் கிடையாது. கதவு திறந்ததும் ஜனம் ஓடும். ஓட முடியாதவர்கள் முன்னால் ஓடுகிறவர்களிடம் கர்ச்சீப்பைக் கொடுத்து இடம் போடச் சொல்வார்கள். பழைய கண்டக்டர்தான் விமானப் பணிப்பெண்களுக்கெல்லாம் தலைவர். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல நிக்காதீங்க" என்று அவர் போட்ட சத்தத்தில் ஒருநாள் பைலட்டே கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாராம். யாராவது ஓடி வந்தால் விமானம் நிற்கும். குழந்தை பாத்ரூம் போயிருக்கிறது என்றாலும் நிற்கும். டிக்கெட்டும் மலிவு. ஜனங்களுக்கு வேறென்ன வேண்டும்? தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் போக ஆரம்பித்தது கம்பெனி. தம்பி படம் பத்திரிகையில் வந்தது, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான்.

அக்காவை விமான நிலையத்து விசாரணை ஜன்னலுக்கு மாற்றினார்கள். அங்கே ஏ.சி. உண்டு, நாற்காலி சுழலும். பதில் மட்டும் பழையது. மகள் தினமும் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு வருவாள், அம்மா சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள்.

துறைமுக ஊருக்கு விமானம் விட்ட அன்று தம்பி ஜன்னலுக்கே வந்தான்.

"அக்கா, மச்சானுக்கு ஆயுசு பூரா ஓசி டிக்கெட். காலையில ஏறினார்னா மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்க இருப்பார். இனிமே தூரம், இடுப்புன்னு ஒண்ணும் பேச முடியாது பாரு."

அக்கா சிரித்தாள். இத்தனை வருஷமும் பழியைத் தூரத்தின் மேல் போட்டு நிம்மதியாக இருந்தாள். அந்தத் தூரத்தைத் தம்பி பிடுங்கிக்கொண்டு போய்விட்டான், அதுவும் பாசத்தோடு.

போன் போட்டாள். இந்த வாரம் கப்பல் நிறைய வந்திருக்கிறது, நகர முடியாது என்றார். அடுத்த வாரம் கப்பலே வரவில்லை, இப்போது லீவு கேட்டால் வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள் என்றார். துறைமுக ஊர் விமானம் மத்தியானம் இறங்கும். அந்த நேரத்தில் அக்கா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, வெளியே வருகிறவர்களைப் பார்ப்பாள். கடைசி ஆள் தள்ளுவண்டியோடு போனபின் உட்கார்ந்து மீதியைச் சாப்பிடுவாள். யாருக்கும் தெரியாது என்று நினைத்தாள்.

ஒரு வழியாக ஒருநாள், "நாளைக்குக் கண்டிப்பா ஏறிடறேன்" என்றார். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. காலையிலேயே துறைமுக ஊரிலிருந்த கம்பெனி ஆளைப் போனில் கூப்பிட்டு, வீட்டுக்காரர் வருவார், வந்தபின் எடுங்கள் என்று சொல்லி வைத்தாள். புறப்படும் நேரம் வந்தது, போனது. கதவு திறந்தே இருந்தது. ஜனங்கள் பாதுகாப்பு அட்டையால் விசிறிக்கொண்டார்கள்.

"அக்கா, கிளம்பிட்டாரா? இங்க கத்தறாங்க" என்றான் அந்த ஊர் ஆள்.

"வந்துட்டே இருக்கார். கொஞ்சம் பொறுப்பா."

பொறுத்தார்கள். பெரியவன் ஓடுபாதைக்குப் போகும் வழியை அடைத்துக்கொண்டு நின்றான், பின்னால் பெரிய கம்பெனி விமானங்கள் வரிசை கட்டின. யாரும் ஒலி எழுப்பவில்லை, அதிகாரிகளைத்தான் எழுப்பினார்கள். கடைசியில் வீட்டுக்காரர் இல்லாமலே கிளம்பியது. அன்றும் அக்கா எழுந்து நின்று பார்த்தாள்.

ஏன் நின்றது என்று விசாரிக்க வந்த அதிகாரிகள் வந்ததுதான் வந்தோம் என்று விமானத்தையும் திறந்து பார்த்தார்கள். பெரியவனுக்குள் பாதி சின்னவன் இருந்தான். சின்னவனுக்குள் ஒன்றுமே இல்லை.

"ஓடாத வண்டியில கழட்டி ஓடற வண்டியில போடறதுதானே சார், எங்க ஷெட்டுல எப்பவும் இதான்" என்றான் தம்பி. அதிகாரி பெரியவன் வாலை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

ரெண்டையும் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. தம்பி ஜன்னலுக்கு வந்தான். எல்லாம் அந்த ஒருநாள் மச்சானுக்காக விமானத்தை நிறுத்தி வைத்ததால் வந்தது என்று அவனுக்குத் தெரியும், அதைப் பற்றி மூச்சு விடவில்லை. திட்டியிருந்தாலாவது அக்காவுக்கு ஆறியிருக்கும்.

"யார்கிட்டயும் சொல்லிராதக்கா. ஏதாவது வழி பண்றேன்" என்று போனான். போனவன் வரவில்லை.

கூடம் நிறைய ஜனம். முந்தின நாளிலிருந்தே உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு. வந்து கேட்டவர்களுக்கெல்லாம் அக்கா வழக்கமான பதிலையே சொன்னாள். மறுநாளும் சொன்னாள். மத்தியான வாக்கில் ஒரு பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்குதே, அதுவா வருது?"

"ஆமாங்க. வந்துட்டே இருக்கு."

"அதுல சக்கரத்தைக் கழட்டறாங்களேம்மா."

அக்கா திரும்பிப் பார்த்தாள். வாடகைக்கு விட்டவர்களின் ஆட்கள் பெரியவனுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தாள். எழுந்து நின்றாள்.

"வராது" என்றாள்.

கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னிக்கும் வராது, நாளைக்கும் வராது. கம்பெனி முடிஞ்சு போச்சு. எல்லாரும் கிளம்புங்க."

அடிக்க வருவார்கள் என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். நாலைந்து பேர் முணுமுணுத்தார்கள். மற்றவர்கள் பையை எடுத்துக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். பெரியவர் மட்டும் நின்றார்.

"இதை நேத்தே சொல்லியிருந்தா பஸ்ல போயிருப்பேனேம்மா. இந்நேரம் ஊர் போய்ச் சேந்திருப்பேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அங்கிருந்து வீட்டுக்குப் போகாமல் நேரே மாப்பிள்ளை வீட்டுக்குப் போனாள். சம்பந்தியம்மா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க. சம்பந்தி வந்தாச்சா?"

பழைய பதில் நாக்கு நுனிவரை வந்தது. அக்கா அதை முழுங்கினாள்.

"அவர் வரமாட்டார்."

"இந்த மாசமா?"

"எப்பவுமே."

சம்பந்தியம்மா கையிலிருந்த சட்டையை உதறி, கொடியில் போட்டு, கிளிப் மாட்டினார். "சரி. அப்ப தேதி வெச்சுருவோம்" என்றார். "என் பையன் உங்க பொண்ணைத்தானே கட்டிக்கப் போறான், அவரையா கட்டிக்கப் போறான்? நீங்க வருவார் வருவார்னு சொன்னதாலதான் நாங்களும் மரியாதைக்குக் காத்துக்கிட்டிருந்தோம்."

வீட்டில் மகள் அன்றைய சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். அக்கா வாசற்படியிலிருந்தே, உள்ளே வந்தால் தைரியம் போய்விடும் என்று, கடகடவென்று சொல்லிவிட்டாள். அப்பா வரமாட்டார். தேதி வைத்தாயிற்று.

"தெரியும்மா" என்றாள் மகள்.

"எப்ப இருந்துடி?"

"மாமா டிக்கெட் அனுப்பிச்சாரே, அப்ப இருந்து."

"தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

மகள் குழாயை மூடினாள். "தினம் மத்தியானம் சாப்பாட்டைப் பாதியில வெச்சுட்டு எந்திரிச்சு நின்னு பாப்பியே. உன்கிட்ட போய் நான் எப்படிம்மா சொல்றது?"

அக்கா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.