திரையின் மேலே மூன்று விரல் இடம்

மாக்ரெட்டின் லப்டொப்பில் எதைத் திறந்து பெரிதாக்கினாலும் அது முழுத் திரைக்கும் வராது. மேலே மூன்று விரல் அகலத்துக்கு இடம் விட்டு, அதற்குக் கீழேதான் விரியும். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிப் புடவைக் கடையொன்றின் மேல்மாடியில் லப்டொப் திருத்தும் நப்லாவுக்கு முதலில் அது ஒரு பெரிய கோளாறாகவே படவில்லை.

"உடையவும் இல்ல, எரியவும் இல்ல, மகள்," என்றார் மாக்ரெட். "மேல கொஞ்சத்தை விட்டிட்டுத்தான் எல்லாம் வருது. நான் பிள்ளையளுக்கு ஒன்லைனில இங்கிலீஷ் படிப்பிக்கிறனான். பாடத்தில கீழ் வரி எல்லாம் வெட்டுப்பட்டுப் போகுது."

"வெச்சிட்டுப் போங்க அன்ரி. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பொறகு வாங்க, பாத்து வெக்கிறன்."

மாக்ரெட் கொட்டாஞ்சேனையில் இருப்பவர். படிப்பித்து ஓய்வு பெற்றவர். கணவர் பஸ்தியாம்பிள்ளை தவக்காலத் தொடக்கத்தில் இறந்துபோனார்; லப்டொப் அவருடையது. இதை மட்டும் சொல்லிவிட்டு, கடற்கரைப் பக்கம் ஒழுங்கையில் இருக்கும் சிநேகிதியைப் பார்க்கப் போனார்.

நப்லா கதவைச் சாத்திவிட்டு வேலையில் இறங்கினாள். முதலில் திரையின் அளவுகளைப் பார்த்தாள், சரியாக இருந்தன. எழுத்தின் பருமனைக் கூட்டிக் குறைத்தாள். திரைக்குரிய டிரைவரை அழித்துப் புதிதாகப் போட்டாள். வேறொரு திரை பூட்டியிருப்பதாக லப்டொப் நினைத்துக்கொண்டிருக்கிறதோ என்று தேடினாள். எதற்கும் அந்த மூன்று விரல் அசையவில்லை. விண்டோவைப் பிடித்து மேலே இழுத்தால் போகும். விட்டதும் யாரோ உள்ளங்கையால் தள்ளியதுபோல் கீழே இறங்கிவிடும்.

கடைசியாக, மற்றப் புரோகிராம்கள் எதுவும் ஓடாதபடி லப்டொப்பைத் திறந்தாள். அப்போது விண்டோ விளிம்பு முட்ட விரிந்தது. ஆக, தானாகத் தொடங்கும் ஏதோ ஒன்றுதான் அந்த இடத்தைத் தனக்கென்று பிடித்து வைத்திருக்கிறது. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்ததில் ஆள் பிடிபட்டது. காது கேளாதவர்களுக்கான புரோகிராம் அது. மைக்கில் விழும் பேச்சைத் திரையின் மேல் ஓரத்தில் எழுத்தாகக் காட்டும். மற்றதெல்லாம் அதற்குக் கீழேதான் நிற்க வேண்டும். எழுத்தின் நிறம் வெள்ளை. திரையின் படத்தை யாரோ வெறும் வெள்ளையாக மாற்றியிருந்ததால் இத்தனை நாளும் அது எழுதியது எவர் கண்ணிலும் படவில்லை.

நப்லா எழுத்தைக் கறுப்பாக்கினாள்.

"இதுதானா வேல?" என்று வாய்க்குள் சொன்னாள்.

மேலே எழுத்து விழுந்தது: இதுதானா வேல?

சிரித்துக்கொண்டே தேநீர்ப் போத்தலைத் திறந்தாள். வெளியே மழை பிடித்திருந்தது. அன்ரி வந்ததும், இது வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுவிட்டு எடுத்துவிடலாம். கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனபோது மேலே இன்னொரு வரி வந்தது.

தண்ணி வேண்டாம்.

கீழே புடவைக் கடையில் யாரும் சத்தமாகக் கதைத்தார்களா? நப்லா காதைக் கொடுத்தாள். மழைச் சத்தம் மட்டும்தான்.

யன்னலைத் திறந்து விடு. புழுங்குது.

அவள் எழும்பி மின்விசிறியை நிறுத்தினாள். சில நேரம் விசிறியின் இரைச்சலைக்கூட இந்த மாதிரிப் புரோகிராம்கள் பேச்சு என்று எடுத்துக்கொள்ளும். திரும்பி வந்து இருந்தாள்.

கதவடியில ஆரது?

நப்லா சடாரென்று திரும்பினாள். கடையின் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஈரமான படிக்கட்டு தெரிந்தது. யாருமில்லை. ஆனாலும் எழும்பிப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். மைக்கை முழுதாக நிறுத்தினாள். முன்பு பேசியதைப் புரோகிராம் எங்கேயாவது சேர்த்து வைத்திருக்கிறதா என்று கிண்டிப் பார்த்தாள். எந்தப் பேச்சையும் சேர்த்து வைக்கும் வசதியே அதற்கு இல்லை. இணையத் தொடர்பையும் துண்டித்தாள்.

அந்தாளை உள்ள விடாத.

நப்லா லப்டொப்பை மூடிவிட்டு, மாக்ரெட் கதவைத் தட்டும்வரை அதைத் தொடவில்லை.

"அன்ரி, இதுல பேச்ச எழுதிக் காட்டுற புரோகிராம் ஒண்டு இரிக்கி. தெரியுமா?"

"ஓம், எங்கட அவருக்கெண்டு போட்டது. ஹாபரில கப்பல் சாமான் இறக்கிற கிரேன் ஓட்டி ஓட்டிக் காது ரெண்டும் அடைச்சுப் போச்சு. நாங்கள் கதைக்கிறதை அதில வாசிப்பார்." மாக்ரெட் குடையை மடக்கினார். "பிறகு தொண்டையில புற்றுநோய் வந்து குரலையும் எடுத்தாச்சு. கடைசிக் கிழமை எழுதிக் காட்டவும் கை ஏலாது. உதடு மட்டும் அசையும். எனக்கு ஒண்டும் விளங்காது மகள். எல்லாத்துக்கும் ஓம், ஓம் எண்டு தலையாட்டிக்கொண்டிருந்தன். ஏன் கேக்கிறீங்கள்?"

நப்லா லப்டொப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள்.

"மைக் நிப்பாட்டித்தான் இரிக்கி, அன்ரி. ஆனா எழுதுது."

மாக்ரெட் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். கொஞ்ச நேரம் மேலே ஒன்றுமில்லை. பிறகு வந்தது.

மாக்ரெட், நான் சொல்றது விளங்கேல்லையா? கதவைத் திறக்காத.

மாக்ரெட்டின் கை மேசை விளிம்பைப் பற்றியது.

"இந்த லப்டொப் அவரின்ர கட்டிலடியிலதான் இருந்தது," என்றார் மெதுவாக. "சாகிறதுக்கு முதல் நாள் கதவைப் பாத்துப் பாத்து வாயை அசைச்சவர். காத்து வேணுமாக்கும் எண்டு நினைச்சு நான் போய்த் திறந்து விட்டனான், மகள்."

திறந்திட்டாய்.

"ஓஃப் பண்ணட்டா அன்ரி?"

"வேண்டாம். விடு."

இருவரும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். மழை வலுத்திருந்தது. வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வாயசைப்பவர் களைத்துக் களைத்துச் சொல்வதுபோல இடையிடையே நின்று வந்தன.

முகம் தெரியேல்ல. கால் ரெண்டும் ஈரம்.

"தண்ணி இருந்தது," என்றார் மாக்ரெட். "வாசலில இருந்து கட்டில்வரை நிலத்தில தண்ணி. கோப்பை சரிஞ்சு ஊத்துப்பட்டிட்டுதாக்கும் எண்டு நான்தான் துடைச்சனான்."

என்னட்ட வரேல்ல. உனக்குப் பின்னால போய் நிக்கிறார்.

திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நப்லாவின் கழுத்து துடித்தது. அவள் திரும்பவில்லை. மாக்ரெட்டும் திரும்பவில்லை. நப்லா வாய்க்குள் பிஸ்மில்லாச் சொன்னாள். மாக்ரெட்டின் விரல்கள் நெற்றிக்கும் நெஞ்சுக்கும் போய் வந்தன.

என்னைத் தேடி வரேல்லையாம்.

அதன் பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. முடிந்துவிட்டது என்றே நப்லா நினைத்தாள்.

உன்ர முகமெல்லாம் வேர்க்குது. இரு, மாக்ரெட். நிலத்தில இரு.

நான் வாறன் எண்டு சொல்லிப்போட்டன். நீ பேசாம இரு.

அந்தாள் ஓம் எண்டிட்டார்.

திரையின் மேல் ஓரம் வெறுமையாயிற்று. இருவரும் காத்திருந்தார்கள். கீழே கோட்டைக்குப் போகும் பஸ்ஸின் நடத்துநர் கொட்டுவ, கொட்டுவ என்று கத்துவது கேட்டது. அந்தச் சத்தத்தில் நப்லாவுக்கு உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. மேலே அதற்குப் பிறகு எதுவும் எழுதப்படவில்லை. அவள் மைக்கைத் திறந்து, "அன்ரி" என்று சொல்லிப் பார்த்தாள். அன்ரி என்று எழுதியது. அவ்வளவுதான்.

"அடுத்த நாள் விடியவே போயிட்டார்," என்றார் மாக்ரெட். கண் கலங்கவில்லை, குரல்தான் மரக்கட்டைபோல் இருந்தது. "இனி எடுத்து விடு, மகள். எனக்கு நாளைக்கு வகுப்பு இருக்கு."

நப்லா புரோகிராமை அழித்தாள். விண்டோ ஒரே தாவலில் மேல் விளிம்புவரை போய் ஒட்டிக்கொண்டது. எத்தனையோ லப்டொப்புகளில் இப்படிச் சரிவந்தபோது அவளுக்குச் சந்தோசம் வரும். இப்போது, ஒருவர் இருந்த கதிரையை இழுத்து வெளியே போட்டதுபோல் இருந்தது.

கடையைப் பூட்டிக்கொண்டு அவளும் மாக்ரெட்டோடு ஓட்டோவில் ஏறினாள். தனியே அனுப்ப மனம் வரவில்லை. பம்பலப்பிட்டி தாண்டியபிறகு நப்லா கேட்டாள்.

"அன்ரி, அண்டைக்கு நெசமாவே வேர்த்திச்சா?"

"ஓம். தாடையில இருந்து இடக்கைவரை ஒரு உளைவு. கண் இருட்டிக்கொண்டு வந்தது. நிலத்தில இருந்திட்டன். நித்திரை இல்லாததால எண்டு நினைச்சன். கொஞ்ச நேரத்தில தானா விட்டிட்டுது."

"டொக்டர்ட்டக் காட்டினீங்களா?"

"செத்த வீட்டில ஆருக்கு அதுக்கு நேரம்?"

நப்லா ஓட்டோக்காரரின் தோளைத் தட்டி, கொட்டாஞ்சேனைக்கு வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று சிங்களத்தில் சொன்னாள். "மல்லி, கொட்டஹேன நெவெய். இஸ்பிரித்தாலெட்ட யமு." மாக்ரெட் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை.

நெஞ்சில் வயர்களை ஒட்டி எடுத்த ஈ.சி.ஜி. தாளை டொக்டர் இரண்டு தரம் பார்த்தார். இன்னும் சில சோதனைகள் செய்யச் சொன்னார். எல்லாம் பார்த்து முடிந்த பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் இருந்தார்.

"அம்மா, உங்களுக்கு ஒரு ஹார்ட் அட்டாக் வந்து போயிருக்கு. சின்னது இல்ல. கொஞ்ச நாளுக்கு முதல். தெரியாதா?"

மாக்ரெட் இல்லை என்று தலையாட்டினார்.

"மருந்து ஒண்டும் எடுக்காமல் இவ்வளவு நாளும் நடந்து திரிஞ்சிருக்கிறீங்கள். பெரிய அதிர்ஷ்டம்தான்," என்றார் டொக்டர். அன்றிரவே வார்டில் சேர்த்தார்கள்.

மாக்ரெட் கட்டிலில் படுத்தார். நப்லா அவருடைய செருப்பைக் கட்டிலுக்குக் கீழே ஒதுக்கி வைத்தாள். அவருடைய தங்கைக்கு ஃபோன் போட்டுச் சொன்னாள். திரும்பி வந்தபோது மாக்ரெட்டின் வாய் எதையோ முணுமுணுத்தது. செபம் சொல்கிறாராக்கும் என்று குனிந்தாள். செபம் இல்லை, ஏச்சு.

"எனக்குப் பதிலாத் தான் போறதுக்கு ஒரு வார்த்தை கேட்டாரா என்னை? கல்யாணம் முடிச்ச நாளில இருந்து இந்த மனிசன்ர பழக்கமே இதுதான். வீடு மாறினதும் அப்பிடித்தான், என்ர தாலிக்கொடியைக் கொண்டுபோய் அடைவு வைச்சதும் அப்பிடித்தான். எல்லாத்தையும் தானே முடிவெடுத்துப்போட்டு வந்து, நீ பேசாம இரு எண்டுறது."

அப்படியே ஏசிக்கொண்டிருந்தவருக்கு இடையில் குரல் உடைந்தது. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, செத்த வீட்டிலும் அழாத அழுகையை அழத் தொடங்கினார்.